மருத்துவச் சொற்களைப் பிரிப்பதும் உச்சரிப்பதும்: எங்கள் ஞாயிறு வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சின்ன வகுப்பு நடக்கிறது. நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடும் மெடிக்கல் கோடிங் பயிற்சியில் இருப்பவர்கள், நர்சிங் முதல் வருட மாணவிகள், லேப் டெக்னீஷியன்கள் வருகிறார்கள். பலர் கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர்ப் பக்கம் தமிழ் வழியில் படித்துவிட்டு வேலைக்காக இங்கே வந்தவர்கள். நான் பதினோரு வருடம் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் செய்தவள். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்த ஆடியோவைக் காதில் மாட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்து நிறுத்தி நிறுத்திக் கேட்டு டைப் செய்யும் வேலை. பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு குறிப்பு: உச்சரிப்பைக் காட்டும்போது சொல்லை அசை அசையாகக் கோடு போட்டுப் பிரித்திருக்கிறேன். அழுத்திச் சொல்ல வேண்டிய அசைக்கு முன்னால் ' என்ற குறி இருக்கும்.

அக்கா, இவ்வளவு நீளமான வார்த்தைகளை எப்படி மனப்பாடம் செய்வது?

மனப்பாடம் செய்யாதீர்கள். பிரியுங்கள். பிரிக்கும் வேலை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பத்தாம் வகுப்பில் 'வந்தனன்' என்பதைப் பிரித்திருப்பீர்கள்: வா பகுதி, அது 'வ' எனக் குறுகியது விகாரம், த் சந்தி, அது ந் ஆனது விகாரம், அடுத்த த் இடைநிலை, அன் சாரியை, கடைசி அன் விகுதி. மதிப்பெண்ணுக்காகப் படித்துவிட்டு மறந்த அந்தப் பகுபத உறுப்பிலக்கணத்தை வைத்துக்கொண்டு கிரேக்கத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவற்றைத் திறந்துவிடலாம்.

'கேஸ்ட்ரைட்டிஸ்' என்பதில் கேஸ்ட்ர் பகுதி, பொருள் வயிறு. ஐட்டிஸ் விகுதி, பொருள் அழற்சி. 'நெஃப்ரெக்டமி' என்பதில் நெஃப்ர் சிறுநீரகம், எக்டமி வெட்டி எடுத்தல். தமிழில் வந்தவர் ஆணா பெண்ணா என்பதை விகுதிதான் சொல்கிறது. இங்கேயும் வந்தது நோயா, சோதனையா, அறுவைச் சிகிச்சையா என்பதை விகுதிதான் சொல்லும். அதனால் எப்போதும் கடைசியிலிருந்து படியுங்கள். வாலைப் பிடித்துவிட்டால் தலை தானாகத் திரும்பும்.

சில இடங்களில் நடுவே 'ஓ' வருகிறது, சில இடங்களில் வரவில்லையே?

அந்த 'ஓ'தான் இவற்றின் சாரியை. அதற்குத் தனிப் பொருள் கிடையாது, ஒட்ட வைப்பது மட்டுமே வேலை. விகுதி மெய்யெழுத்தில் தொடங்கினால் 'ஓ' வரும்: கேஸ்ட்ர் + ஓ + ஸ்கோப்பி. விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் வராது: கேஸ்ட்ர் + ஐட்டிஸ். ஆனால் இரண்டு பகுதிகள் சேரும் இடத்தில், இரண்டாவது உயிரில் தொடங்கினாலும் பெரும்பாலும் 'ஓ' நிற்கும்: கேஸ்ட்ர் + ஓ + என்டர் + ஐட்டிஸ். வயிறும் குடலும் சேர்ந்து அழன்றிருக்கிறது என்று பொருள்.

நம் மொழியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எனக்கு இது இன்னும் பிடித்துப்போகும். தமிழில் உயிரும் உயிரும் சந்தித்தால் நடுவே ஒரு மெய்யைப் போடுகிறோம்: மணி + அடித்தான், மணியடித்தான். உடம்படுமெய் என்று படித்தோம். கிரேக்கச் சேர்க்கையில் மெய்யும் மெய்யும் முட்டும்போது நடுவே ஓர் உயிரைப் போடுகிறார்கள். வழி எதிரெதிர், இரண்டுக்கும் காரணம் நாக்கு இடறக் கூடாது என்பதே.

எந்த அசையை அழுத்த வேண்டும்? இதுதான் வரவே மாட்டேன் என்கிறது.

இதற்குத்தான் வகுப்பில் அதிக நேரம் செலவாகிறது, இங்கேயும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் மூன்று சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

'ஆன்-ஜி-ய-கிராம்
ஆன்-ஜி-'ஆக்-ர-ஃபி
ஆன்-ஜி-ய-'கிரா-ஃபிக்

பகுதி ஒன்றேதான், ரத்தக்குழாய் என்று பொருள்படும் 'ஆன்ஜி'. விகுதி மாற மாற அழுத்தம் இடம் மாறுகிறது. இதைப் பார்த்த நாளில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அழுத்தத்தைச் சொல் சொல்லாகப் படிக்கத் தேவையில்லை, விகுதியோடு சேர்த்துப் படித்தால் போதும்.

'லஜி', 'கிரஃபி', 'ஸ்கபி', 'டமி', 'பதி', 'மெட்ரி' என்று இகரத்தில் முடிபவற்றில் கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் அழுத்தம் விழும்: கார்-டி-'ஆ-ல-ஜி, கேஸ்-'ட்ராஸ்-க-பி, நெ-'ஃப்ரெக்-ட-மி, நியூ-'ரா-ப-தி. ஒரு வகுப்பு முழுக்க இதை மட்டும் பழகினாலும் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

'ஐட்டிஸ்', 'ஓசிஸ்', 'ஓமா' மூன்றும் அழுத்தத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளும்: ஆர்-'த்ரை-ட்டிஸ், த்ராம்-'போ-சிஸ், கார்-சி-'நோ-மா. ரத்தத்தைக் குறிக்கும் 'ஈமியா'வும் அப்படித்தான்: அ-'நீ-மி-யா, லூ-'கீ-மி-யா. 'இக்' என்று முடிந்தால் அதற்குச் சரியாக முந்திய அசை: டய-'பெ-டிக். 'கிராம்', 'ஸ்கோப்', 'சைட்' என்று முடிபவை பெரும்பாலும் முன்பக்கம் அழுத்தம் கேட்கும்: 'ஸ்டெ-த-ஸ்கோப், 'லூ-க-சைட்.

ஏன் இப்படி? பழைய கிரேக்கத்தில் இன்றைய ஆங்கிலத்தைப் போன்ற அழுத்தம் இல்லை. ஓர் அசையில் குரல் மேலே ஏறும், சுரம் ஏறுவதுபோல. அதுவும் கடைசி மூன்று அசைகளுக்குள்தான். அந்தச் சொற்கள் லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோது லத்தீனின் கணக்கு ஒட்டிக்கொண்டது. அந்தக் கணக்கைத் தமிழ் யாப்பு படித்தவர்களுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம்: கடைசிக்கு முந்திய அசை நெடிலாகவோ ஒற்று அடுத்ததாகவோ இருந்தால் அழுத்தம் அதில், குறிலாக நின்றால் அதற்கும் முந்தியதில். 'ஐட்டிஸ்', 'ஓசிஸ்', 'ஓமா' ஆகியவற்றின் முதல் உயிர் நெடில். அதனால்தான் அழுத்தம் அங்கேயே நின்றுவிடுகிறது.

விதிவிலக்குகள் உண்டு. இகரத்தில் முடிந்தும் 'ஆன்-ஜி-ய-பிளாஸ்-டி முதல் அசையில் அழுத்தம் பெறும். மெ-'டாஸ்-ட-சிஸ் ஒரு மாதிரி, ஹீ-ம-'ஸ்டே-சிஸ் வேறு மாதிரி. இப்படிப்பட்டவற்றை மட்டும் ஒரு தனிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா அசையையும் ஒரே மாதிரி சொன்னால் தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. குறில் நெடில் மாறினால்தான் மாறும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த நாக்கு 'ஆஞ்சியோகிராஃபி' என்று சமமாக நடப்பது இயல்பு. இந்த ஊர் வார்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் பேசுகிற டாக்டர்களும் நர்சுகளும் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள், வேலை நடக்கிறது. யாராவது உங்கள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரித்தால் தலை குனிய வேண்டாம்.

ஆனால் வேறு நாட்டு டாக்டரின் குரலைக் கேட்டு வேலை செய்கிறவர்களுக்கு அழுத்தம் தெரிந்தே ஆக வேண்டும். அவர்கள் அழுத்துகிற அசை மட்டும்தான் காதில் தெளிவாக விழும். மீதி எல்லாம் கரைந்துபோகும்.

கரைந்துபோகிற அந்த எழுத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

'நாடு', 'பாக்கு' என்று சொல்லும்போது கடைசி உகரம் முழுதாக ஒலிப்பதில்லை, குற்றியலுகரம். ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத உயிர் எதுவானாலும் அப்படித்தான் குறுகும். அ-'னா-ட-மி என்பதில் 'ட' என்று மங்கலாக விழுவது உண்மையில் 'டொ'. எழுதும்போது எந்த எழுத்து என்று தெரியாமல் பிள்ளைகள் திணறுவது இங்கேதான்.

ஒரு வழி இருக்கிறது. அதே சொல்லின் வேறு வடிவத்தைச் சொல்லுங்கள், அழுத்தம் நகரும், மங்கலாக இருந்த உயிர் வெளிச்சத்துக்கு வரும். அனாட்டமி மங்கினால் அ-ன-'டா-மி-கல் என்று சொல்லிப் பார்த்தால் 'ஓ' என்ற எழுத்து என்பது தெளிவாகிவிடும். கார்டியாலஜியில் 'ல' மங்கினால் கார்-டி-ய-'லா-ஜிக் என்று சொல்லிப் பாருங்கள். டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் எனக்கு அகராதியைவிட அதிகம் உதவியது இந்த ஒரு வழிதான்.

உறுப்பு பிரியும் இடத்தில்தானே அசையும் பிரிய வேண்டும்?

இல்லை. 'கண்ணில்' என்பதன் உறுப்புகள் கண், இல். வாய் பிரிப்பது கண்-ணில். கேஸ்ட்ரோஸ்கோப்பியும் அதே மாதிரி: உறுப்பு பிரிவது கேஸ்ட்ரோவுக்குப் பிறகு, அசை பிரிவது கேஸ்-'ட்ராஸ்-க-பி. பொருளுக்கு உறுப்பைப் பாருங்கள், வாய்க்கு அசையைப் பாருங்கள்.

ஹெலிகாப்டர் இதற்கு நல்ல உதாரணம். ஹெலி, காப்டர் என்று பிரித்தே எல்லோரும் பழகிவிட்டோம். உண்மையில் அது ஹெலிகோ, ப்டெர். சுழல், இறக்கை. கண்ணில் சதை வளர்ந்து கருவிழி மேல் படரும் டெரிஜியத்திலும் இருப்பது அதே ப்டெர்தான். இறக்கை வடிவத்தில் படர்வதால் அந்தப் பெயர்.

எழுத்து இருக்கிறது, சத்தம் இல்லை. நிமோனியாவுக்கு முன்னால் 'பி' எதற்கு?

கிரேக்கர்கள் அந்தப் 'பி'யைச் சொன்னார்கள். ஆங்கில நாக்குக்குச் சொல்லின் முதலில் 'ப்ன', 'ப்ஸ', 'ப்ட' என்று வராது, அதனால் எழுத்தை வைத்துக்கொண்டு ஒலியை விட்டுவிட்டது. நமக்கும் எந்தெந்த எழுத்து மொழிக்கு முதலில் வரும் என்று விதி இருக்கிறதே, அதே மாதிரி. நிமோனியா, சைக்கியாட்ரி, டெரிஜியம் மூன்றிலும் எழுத்தில் 'பி' உண்டு, வாயில் இல்லை. ஆனால் அதே கூட்டம் சொல்லின் நடுவில் வந்தால் ஒலி திரும்பி வந்துவிடும்: 'ஆப்-னி-யா, ஹி-'மாப்-டி-சிஸ். மூச்சு நின்று போவது, இருமலில் ரத்தம் வருவது.

இன்னொரு தொல்லை கண் மருத்துவத்தைக் குறிக்கும் ஆஃப்தல்மாலஜி. 'பிஹெச்' ஒன்று, அதை ஒட்டியே 'டிஹெச்' ஒன்று. முதல் 'ஹெச்'சைத் தவறவிடாதவர்கள் குறைவு. டிஃப்தீரியாவிலும் அதே கூட்டம்தான். ஆஃப், தல் என்று இரண்டாக நிறுத்திச் சொல்லிப் பழகினால் எழுதும்போது கை தவறாது.

டயரியாவில் ஏன் இரண்டு 'ஆர்'? சின்ட்ரோமில் 'என்', சிம்ப்டமில் 'எம்' ஏன்?

இரண்டுக்கும் பதில் புணர்ச்சிதான்.

பூ + கடை பூக்கடை ஆகிறது, ஒற்று மிகுகிறது. கிரேக்கத்தில் 'ர'வில் தொடங்கும் சொல் ஓர் உயிருக்குப் பின்னால் போய் ஒட்டும்போது 'ர' இரட்டிக்கும். டயா என்றால் ஊடாக, ரீயா என்றால் ஓடுதல். ஊடாக ஓடுவது டயரியா. ஹெமரேஜிலும் அதே இரட்டிப்பு. காரணம் தெரிந்தபிறகு என் வகுப்பில் யாரும் அந்த எழுத்தை விட்டதில்லை.

மரம் + கள் மரங்கள் ஆகிறது. பக்கத்தில் வரும் வல்லினத்துக்கு ஏற்ப மெல்லினம் தன்னை மாற்றிக்கொள்கிறது. 'சின்' என்றால் கூட, சேர்ந்து. டகரத்துக்கு முன்னால் அது சின்ட்ரோம், பகரத்துக்கு முன்னால் சிம்ப்டம். என்செஃபலைட்டிஸில் 'என்', எம்பாலிசத்தில் 'எம்', இரண்டும் ஒரே முன்னொட்டுத்தான்.

இதோடு சேர்த்து இன்னொன்று. 'பாரா' போன்ற முன்னொட்டின் கடைசி உயிர், அடுத்து உயிர் வந்தால் விழுந்துவிடும். பா-'ரென்-ட-ரல் என்ற சொல்லைப் பார்த்து 'பேரன்ட்' என்று நினைத்தவர்கள் உண்டு. அது பாரா + என்டர், குடலுக்குப் புறம்பாக. ஊசி வழியாகவோ டிரிப்ஸ் வழியாகவோ கொடுப்பது.

டமி, ஸ்டமி, எக்டமி மூன்றும் ஒன்றுதானே?

தயவுசெய்து இதில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

'டமி' வெட்டுதல், கீறுதல். ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் நம் லேப் பிள்ளைகளின் வேலைக்குப் பெயரே ஃப்ளெ-'பா-ட-மி, சிரையைக் கீறுதல். 'எக்' என்றால் வெளியே, ஆகவே 'எக்டமி' வெட்டி வெளியே எடுத்துவிடுதல். 'ஸ்டமி' வேறு குடும்பம். ஸ்டோமா என்றால் வாய். ஓர் உறுப்புக்கு வெளியே திறக்கும் வாய் ஒன்றை உண்டாக்குவது.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவருக்கு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். பெருங்குடலையே எடுத்துவிடப் போகிறார்கள் என்று வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். அவர் மகள் காகிதத்தை என்னிடம் கொண்டு வந்து காட்டினாள். எழுதியிருந்தது கொ-'லாஸ்-ட-மி. கொ-'லெக்-ட-மி இல்லை. "பாப்பா, இது குடலை எடுப்பது இல்லை. வயிற்றில் ஒரு வாய் மாதிரி திறந்து பை வைப்பார்கள். எதற்கு, எவ்வளவு நாளைக்கு என்று நாளைக்கு டாக்டரிடம் கேளு" என்றேன். நான் டாக்டர் இல்லை, அதற்கு மேல் சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் அவள் மறுநாள் சரியான கேள்வியோடு போனாள். இந்த வகுப்பை நடத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த வாரத்தில்தான்.

ஒரே மாதிரி கேட்கும் சொற்களில் மிக ஆபத்தானது எது?

என் அனுபவத்தில் டிஸ்ஃபேஜியாவும் டிஸ்ஃபேசியாவும். முதலாவது விழுங்குவதில் சிரமம். இரண்டாவது பேச்சில் சிரமம், சொல்ல நினைப்பது சொல்லாக வராமல் போவது. 'டிஸ்' என்றால் கோளாறு, சிரமம். அழுத்தம் இரண்டிலும் ஒரே இடம், டிஸ்-'ஃபே. அதற்குப் பின்னால் வரும் ஒரு மெய்தான் வித்தியாசம், அதுவும் அமெரிக்க வாயில் ஏறக்குறைய ஒன்றாகிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், பக்கவாதம் வந்த ஒருவரின் குறிப்பில் டாக்டர் டிஸ்ஃபேசியா என்று சொன்னதை நான் டிஸ்ஃபேஜியா என்று அடித்துவிட்டேன். பக்கவாதத்தில் இரண்டுமே வரலாம், அதனால் முன்பின் வாக்கியமும் காப்பாற்றவில்லை. சரிபார்க்கிற பிரிவில் இருந்த ஓர் அக்கா ஆடியோவைத் திரும்பக் கேட்டுப் பிடித்தார். பேச்சுப் பயிற்சி தேவைப்பட்டவரை விழுங்க முடியாதவர் என்று எழுதி அனுப்பியிருப்பேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து நான் கையாளும் வழி: 'ஃபேஜ்' என்றால் உண்ணுதல். உணவுக்குழாயின் பெயரான ஈசோஃபகஸில் அதே 'ஃபக்' இருக்கிறது. ஃபேஜியா வந்தால் உணவுக்குழாயை நினையுங்கள். கொஞ்சமும் சந்தேகம் இருந்தால் ஊகிக்க வேண்டாம், இடத்தைக் காலியாக விட்டுக் கேள்விக்குறி போட்டு அனுப்புங்கள்.

அடுத்த ஆபத்து ஹைப்போவும் ஹைப்பரும். சுகர் குறைந்தால் ஹைப்போகிளைசீமியா, ஏறினால் ஹைப்பர்கிளைசீமியா. இதற்கு நமக்கு மறக்கவே முடியாத ஒரு வழி கிடைக்கிறது, அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

கிரேக்கச் சொற்கள் எல்லாம் தமிழிலிருந்து போனவை என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

அப்படி இல்லை. ஆனால் கிரேக்கமும் சமஸ்கிருதமும் ஒரே மொழிக்குடும்பம். சமஸ்கிருதச் சொற்கள் பல நம் அன்றாடப் பேச்சில் புழங்குகின்றன. அந்த வழியாக உறவு தெரியும். அணை நிரம்பினால் 'உபரி நீர்' திறக்கிறார்கள் என்று செய்தியில் கேட்கிறோம். உபரியும் ஹைப்பரும் உடன்பிறந்தவை: மேலே, அதிகமாக. உபநதி, உபதலைவர் என்பதிலுள்ள உபவும் ஹைப்போவும் உடன்பிறந்தவை: கீழே. ஹைப்பர் உபரி, ஹைப்போ உப. என் வகுப்பில் இதைக் கேட்டபிறகு ஒருவரும் மாற்றிச் சொல்லவில்லை.

ஆஸ்டியோ என்றால் எலும்பு, அஸ்தி. பாட் என்றால் பாதம். ஓடான்ட் என்றால் பல், தந்தம். அநியாயம், அனாதி என்பதில் இருக்கும் இல்லாமைப் பொருள் தரும் முன்னொட்டே ஆப்னியாவில் 'அ'வாகவும் அனீமியாவில் 'அன்'னாகவும் நிற்கிறது. மெய்க்கு முன்னால் அ, உயிருக்கு முன்னால் அன்.

உறுப்பின் பொருள் தெரிந்தால் சொல்லின் பொருளும் தெரிந்துவிடுமா?

பெரும்பாலும். எப்போதும் இல்லை. சொல் பிறந்தபோது இருந்த பொருள் ஒன்று, இன்றைய வேலை வேறொன்றாக இருக்கலாம்.

ஆர்த்தோபீடிக்ஸ் என்றால் எல்லோரும் 'பீட்' என்பதைப் பாதம் என்று நினைக்கிறார்கள். அது குழந்தை. ஆர்த்தோ என்றால் நேரான. பிரான்ஸைச் சேர்ந்த நிக்கோலா ஆந்திரி என்ற மருத்துவர் 1741இல் குழந்தைகளின் உடற்கோணலை நிமிர்த்துவதைப் பற்றி எழுதியபோது உண்டாக்கிய சொல். இன்று எண்பது வயதுப் பாட்டியின் இடுப்பெலும்புக்கும் அதே துறைதான். ஸ்டெதஸ்கோப் என்றால் மார்பைப் 'பார்க்கும்' கருவி. 1816இல் லெனெக் அதைக் கண்டுபிடித்ததே கேட்பதற்காக. 'ஐட்டிஸ்' கூட முதலில் அழற்சி என்ற பொருளில் வரவில்லை, 'அதைச் சார்ந்த' என்றுதான் பொருள். ஆர்த்ரைட்டிஸ் என்றால் மூட்டைச் சார்ந்த நோய். அழற்சி என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

கார்சினோமாவின் பகுதி கார்கினோஸ், நண்டு. கட்டியிலிருந்து நாலாபக்கமும் ரத்தக்குழாய்கள் பரவுவதை அவர்கள் நண்டுக் காலாகப் பார்த்தார்கள். நாம் புற்றாகப் பார்த்தோம், புற்றுநோய் என்றோம். தசையைக் குறிக்கும் 'மயோ'வின் மூலம் மிஸ் என்ற சொல், அதற்கு எலி என்றும் பொருள். தோலுக்கு அடியில் தசை அசைவது எலி ஓடுவதுபோல் தோன்றியிருக்கிறது. நாம் கெண்டைக்கால் என்கிறோம், மீனுக்கும் அதுவே பெயர். இரண்டு ஊர்க்காரர்களும் தோலுக்கு அடியில் ஓர் உயிரினத்தைக் கண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

நர்சிங் புத்தகத்தில் ஒரு ஸ்பெல்லிங், கோடிங் வகுப்பில் இன்னொரு ஸ்பெல்லிங். எது சரி?

இரண்டும். நர்சிங் புத்தகம் பிரிட்டிஷ் வழி, அனீமியாவில் 'ஏஇ' என்று இரண்டு உயிர். கோடிங் அமெரிக்க வழி, 'இ' மட்டும். ஈசோஃபகஸில் பிரிட்டிஷ் வழி 'ஓஇ', அமெரிக்க வழி 'இ' மட்டும். எங்கே வேலையோ அங்கத்திய வழியில் எழுதுங்கள், ஒரே காகிதத்தில் கலக்காதீர்கள்.

பழகுவதற்கு வகுப்பு தவிர வேறு வழி?

பஸ்ஸில் போகும்போது போர்டுகளைப் படியுங்கள். மிண்டோ கண் மருத்துவமனையின் பெயரில் ஆஃப்தல்மிக் இருக்கிறது. விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் நெஃப்ரோ-யூராலஜி. ஓசூர் ரோட்டில் மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான நிம்ஹான்ஸின் முழுப் பெயரில் நியூரோ. கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையில் ஆன்காலஜி, ஆன்கோஸ் என்றால் திரட்சி, கட்டி. ஜெயதேவா இதய மருத்துவமனையின் கார்டியோவாஸ்குலரில் கார்டியோ கிரேக்கம், வாஸ்குலர் லத்தீன், இரண்டும் கைகோத்து நிற்கின்றன. தனியார் கிளினிக் போர்டில் ஓடோரைனோலாரிங்காலஜி என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். ஓடோ, ரைனோ, லாரிங்கோ: காது, மூக்கு, தொண்டை. நாம் சொல்கிற அதே வரிசை.

இன்னொன்று. தமிழ் எழுத்தில் 'ப'வும் 'க'வும் இரண்டிரண்டு ஒலிக்கு நிற்கின்றன. படிக்கும்போது நமக்கு இடைஞ்சல் இல்லை, புதுச் சொல்லைக் குறித்து வைக்கும்போது இடைஞ்சல். இந்த ஊரிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கன்னட எழுத்து தெரியும். அதில் இந்த ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து உண்டு. உச்சரிப்பைக் கன்னடத்திலும் பொருளைத் தமிழிலும் எழுதி வைக்கும் ஒரு மாணவியின் நோட்டுதான் எங்கள் வகுப்பிலேயே சிறந்தது. கூச்சப்படாமல் அப்படிச் செய்யுங்கள்.

சிஸ்டோல் என்பதா, சிஸ்டலி என்பதா?

'சிஸ்-ட-லி. இது போன்ற சில கிரேக்கச் சொற்களில் கடைசி 'இ' ஊமையாக இருக்காது, ஒலிக்கும். இதயம் சுருங்குவது 'சிஸ்-ட-லி, விரிவது ட-'யாஸ்-ட-லி. மயக்கம் போட்டு விழுவது 'சின்-க-பி, சின்கோப் இல்லை. 'இக்' சேர்ந்துவிட்டால் வழக்கப்படி அழுத்தம் நகரும்: சிஸ்-'டா-லிக், டய-'ஸ்டா-லிக். பிபி பார்த்துவிட்டு நர்ஸ் சொல்லும் இரண்டு எண்களில் மேலே இருப்பது சிஸ்டாலிக், கீழே இருப்பது டயஸ்டாலிக். நாளைக்கு வீட்டில் யாருக்காவது பிபி பார்க்கும்போது இந்த இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.